நீலப்பூ மூடியும் ஆரோக்கியமான பொறாமையும்

எங்கள் கழகத்தைக் குறை கூறும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கண்டெடுப்பு நண்பர் கழகம் மொந்தெவிதேயோ நகரின் மதிப்புக்குரிய அமைப்புகளுள் ஒன்று. அதன் உறுப்பினர்கள் பண்பாளர்கள். ஞாயிறுதோறும் அவர்கள் திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தையில், வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கி, மாத்தே என்னும் கசப்புத் தேநீரை உறிஞ்சியபடி, தரையில் விரித்திருக்கும் பழஞ்சாமான்களுக்கிடையே குனிந்து நடப்பார்கள். அங்கே ஒருவரையொருவர் கண்டால் காணாதவர்போல் திரும்பிக்கொள்வார்கள். வியாழக்கிழமை மாலை, ரொட்டிக்கடை மாடியிலுள்ள கழக அறையில், அதே மனிதர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து நலம் விசாரிப்பார்கள்.

கழகத்தின் நடைமுறை எளிமையானது. அந்த வாரம் நல்ல பொருள் கிடைத்தவர் அதைக் கைக்குட்டையால் மூடி மேசைமேல் வைப்பார். கைக்குட்டையை நீக்கியதும் மற்றவர்கள் அதன் விலையை ஊகிப்பார்கள். மரியாதை கருதி உயர்ந்த விலையிலிருந்தே தொடங்குவது வழக்கம். உரியவர் ஒவ்வொரு முறையும் “கீழே” என்பார். இறுதியில் தாம் கொடுத்த அற்ப விலையை அவர் வெளியிடும்போது அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழும். அதன்பின் உறுப்பினர்கள் மூப்பு வரிசைப்படி எழுந்து, வலக்கையை மார்பில் வைத்து, “எனக்குப் பொறாமை. ஆரோக்கியமான பொறாமை” என்று மொழிய வேண்டும்.

ஆரோக்கியமான பொறாமை என்பது எங்கள் நாட்டில் எல்லோரும் அன்றாடம் சொல்வதுதான். அண்டை வீட்டார் கடற்கரையில் வீடு வாங்கினாலும், மைத்துனனுக்குப் பதவி உயர்வு கிடைத்தாலும், சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். ஆனால் அந்தச் சொல்லை விதியாக ஆக்கிய பெருமை எங்கள் கழகத் தலைவர் டாக்டர் ஃபொசால்பா அவர்களையே சாரும்.

நான் சேர்ந்தது ஒரு மூடிக்காக. என்னிடம் ஒரு பீங்கான் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. நீலப் பூக்களும் விளிம்பில் பொன்வரியும் கொண்டது. மூடி இல்லை. என் மனைவி நெல்சா அதன்மேல் ஒரு சாசரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“ஏய் கிழவா, மறுபடியும் எறும்பு,” என்பாள் காலையில். “இது சர்க்கரைக் கிண்ணமா, எறும்புங்க தங்கற ஹோட்டலா?”

“சாசர நேரா வச்சா வராது, நெல்சா.”

“சாசர்னா கீழ இருக்கணும். தலையில தூக்கி வச்சா சறுக்கத்தான் செய்யும். கேட்டுக்கோ, இந்த வருஷக் கடைசிக்குள்ள மூடி வரலன்னா, கிண்ணம் எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போகும்.”

அது எங்கிருந்து வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே நான் ஒவ்வொரு ஞாயிறும் சந்தையில் மூடி தேடினேன். ஒவ்வொரு வியாழனும் கடைசி நாற்காலியில் அமர்ந்து பிறருடைய கடிகாரங்களையும் சோடாப் புட்டிகளையும் பார்த்து ஆரோக்கியமாகப் பொறாமைப்பட்டேன். என்னைப் பார்த்து எவரும் பொறாமைப்பட நேர்ந்ததில்லை.

அக்டோபர் மாதத்து ஒரு வியாழக்கிழமையன்று தலைவர் மேசைமேல் கைக்குட்டையை விலக்கினார். அடியில் ஒரு பீங்கான் மூடி இருந்தது. நீலப் பூக்கள். பொன்வரி.

“ரெண்டாயிரம் பேசோ!”

“கீழே.”

“எண்ணூறு!”

“கீழே, நண்பர்களே, கீழே.”

இருபதில் வந்து நின்றது. பெருமூச்சு எழுந்தது. தலைவர் கண்களை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“ஒரு வயசான அம்மா. தரையில துணி விரிச்சு, ஒடஞ்ச விளக்கு, சாவி இல்லாத பூட்டு, இதையெல்லாம் வச்சிருந்தாங்க. நான் இதக் கையில எடுத்தேன். ‘அது எதோட மூடின்னு தெரியல ஐயா, நூறு குடுங்க’ன்னாங்க. தெரியலன்னு சொன்னாங்க பாருங்க! அறியாமைங்கறது எவ்வளவு பரிசுத்தமானது! கண்ணத் தொடச்சிக்கிட்டு, ‘இதுல கீறல் இருக்கே அம்மா’ன்னேன். கீறல் இல்ல. ஒரு முடி ஒட்டியிருந்துச்சு. என் முடிதான். அந்த அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. இருபதுக்குக் குடுத்துட்டு, ‘நீங்க நல்லா இருக்கணும்’னு வாழ்த்தினாங்க. நண்பர்களே, இப்பேர்ப்பட்ட மனுஷங்க இருக்கறவரைக்கும் நம்ம கழகத்துக்கு அழிவு கிடையாது!”

பலர் கண் கலங்கினர். வரிசை தொடங்கியது. “ஆரோக்கியமான பொறாமை”, “ஆரோக்கியமான பொறாமை” என்று ஒவ்வொருவராக அமர்ந்தனர். கடைசியில் நான் எழுந்தேன். வலக்கை மார்பில் இருந்தது.

“எனக்குப் பொறாமை,” என்றேன்.

பின் அமர்ந்துவிட்டேன்.

நான் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். பிறர் விட்டுவிட்ட சொற்களை உரிய இடத்தில் சேர்ப்பதே என் பிழைப்பு. அன்று என் வாயிலிருந்து ஒரு சொல் விடுபட்டதை நான் உணர்வதற்குள் அறையே என் பக்கம் திரும்பிவிட்டது. கீழே ரொட்டிக்கடையில் தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது.

“என்ன மாதிரிப் பொறாமை, பெந்தன்கோர்?” என்று தலைவர் மிக மென்மையாகக் கேட்டார்.

“மன்னிக்கணும் டாக்டர். சொல்லத்தான் பாக்கறேன். வர மாட்டேங்குது.”

மறு வாரமே பொறாமை நலக் குழு கூட்டப்பட்டது. அதில் மூன்று டாக்டர்கள் இருந்தனர். எங்கள் ஊரில் வழக்கறிஞரையும் டாக்டர் என்றே அழைப்போம். ஆதலால் மூவருள் இருவர் வழக்கறிஞர்கள். அவர்களுள் ஒருவர் தலைவர் ஃபொசால்பா. மற்றவர் கூட்டங்களில் உறங்கும் வழக்கமுடைய முதியவர். மூன்றாமவரான டாக்டர் சுல்மா ஆரோஸ்பிதே பல் மருத்துவர். மூடிக்கு உரியவரே என் பொறாமையை ஆராய்வது முறைதானா என்று ஓர் ஐயம் எழுந்தது. பாதிக்கப்பட்டவரைவிட இந்த வழக்கை நன்கு அறிந்தவர் வேறு யார் என்று தலைவரே கேட்டு, அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தார்.

“உக்காருங்க, பெந்தன்கோர். பயப்படாதீங்க, இது விசாரணை இல்ல. விசாரணைன்னா நல்ல நாற்காலியாப் போட்டிருப்போம்,” என்றார் தலைவர். “ஆரோக்கியமான பொறாமைன்னா என்ன? அந்தப் பொருள் எனக்கு வேணும், ஆனா அது உங்ககிட்டயே இருக்கட்டும். இதுல உங்களுக்கு எந்தப் பாதி கஷ்டமா இருக்கு?”

நான் நேர்மையாகச் சிந்தித்துப் பார்த்தேன்.

“மூடி உங்ககிட்டயே இருக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, டாக்டர். என்கிட்டயும் இருக்கற மாதிரி ஏதாவது ஏற்பாடு செஞ்சா போதும்.”

“வாயத் திறங்க,” என்றார் டாக்டர் சுல்மா. சிறு விளக்கை அடித்துப் பார்த்தார். “கடைவாய்ப் பல்லு ரெண்டும் தேஞ்சிருக்கு. ராத்திரி பல்லக் கடிக்கறீங்களா?”

“பகல்லயும்தான், டாக்டர்.”

“பொறாமை மொதல்ல பல்லுலதான் தெரியும். அப்புறம்தான் மத்த எடத்துக்கெல்லாம் போகும்.”

அதுவரை உறங்கிய முதியவரும் தலையசைத்தார். என் பொறாமை ஆரோக்கியமற்றது எனத் தீர்மானிக்கப்பட்டது. சிகிச்சையாக, வியாழன்தோறும் கூட்டம் தொடங்குமுன் நான் மூடியின் எதிரே அமர்ந்து விடுபட்ட சொல்லைச் சொல்லிப் பழக வேண்டும். நான் அமர்ந்தேன். “ஆரோ” வரை வரும். அதற்குமேல் நீலப் பூக்கள் கண்ணில் படும், நாக்கு மடங்கிவிடும்.

இதன் விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கழக வரலாற்றில் எந்தப் பொருளும் எவரையும் நோயாளி ஆக்கியதில்லை. ஆகவே அந்த மூடியின் மதிப்பு வாரந்தோறும் உயர்ந்தது. ஆண்டின் கண்டெடுப்பாக அதையே அறிவிப்பார்கள் என்று பேச்சு எழுந்தது. நான் எவ்வளவு பல்லைக் கடித்தேனோ அவ்வளவுக்கு மூடி என்னைவிட்டு விலகிச் சென்றது. தலைவர் என்னிடம் மிகுந்த பரிவு காட்டலானார். நான் சற்றுத் தெளிவாகத் தென்பட்ட நாட்களில் மட்டும் அவர் முகம் வாடும்.

“இன்னிக்கு எப்படி இருக்கு, பெந்தன்கோர்? கொஞ்சமும் கொறையலயே?”

“இல்ல டாக்டர்.”

“பாவம். நல்லா ரெஸ்ட் எடுங்க,” என்று முதுகில் தட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு போவார்.

ஒரு வியாழனன்று, சோடாப் புட்டிகள் சேகரிக்கும் திருமதி க்ளோதில்தே குழுவின் முன்னால் வந்து நின்றார்.

“எட்டு வருஷமா காட்டறேன். பச்சைப் புட்டி, நீலப் புட்டி, ரோஸ் புட்டி. ஒருத்தருக்காவது ஒரு நெஞ்செரிச்சல் வந்துச்சா? இந்தாளுக்கு ஒரு மூடியப் பாத்துப் பொறாமை முத்திப்போச்சாம்! என் புட்டியப் பாத்து ஏன் முத்தல? என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, பெந்தன்கோர்!”

“மன்னிக்கணும் அம்மா. உங்க புட்டியப் பாத்தும் பட்டேன். அது என்னமோ ஆரோக்கியமாவே இருந்துடுச்சு.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் என் கைக்குட்டையை நீட்டினேன். அடுத்த வாரம் அவரே, தமக்கும் பொறாமை சரியில்லை என்று குழுவிடம் முறையிட்டார். என்னுடைய நோயின்மேல்தான் அவருக்குப் பொறாமை. தொடர்ந்து மேலும் பலர் வந்தனர். ஒருவர் கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மாடிப்படிவரை வரிசை நின்றது. டாக்டர் சுல்மா விளக்கின் மின்கலத்தை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

டிசம்பர் வந்தது. வீட்டில் எறும்புகளும் வந்தன. நெல்சா நாட்காட்டியைக் கிண்ணத்துக்கு நேர் எதிரே மாட்டிவைத்திருந்தாள். ஒரு வியாழனன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டர், ஒரே ஒரு தடவ அந்த மூடியக் குடுங்க. என் கிண்ணத்து மேல வச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்.”

அறையில் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன.

“கேட்டுட்டார்,” என்றார் திருமதி க்ளோதில்தே, தாழ்ந்த குரலில்.

“கேக்கறது வியாபாரம், பெந்தன்கோர்,” என்றார் தலைவர். “வியாபாரத்துக்குக் கடை இருக்கு. இங்க பொறாமை மட்டும்தான். இதுகூடப் புரியாமலா இத்தன நாளா...”

“கிண்ணமா?” என்று குறுக்கிட்டார் டாக்டர் சுல்மா. “எந்தக் கிண்ணம்?”

அடுத்த வியாழனன்று என் கிண்ணம் மேசைமேல் கைக்குட்டையின் கீழ் இருந்தது. நான் அதை விலக்கினேன். நீலப் பூக்கள் வெளிப்பட்டதும் தலைவர் பாதி எழுந்து, மறுபடி அமர்ந்தார்.

“ஆயிரத்து ஐந்நூறு!” என்று யாரோ கூவினார்.

“கீழே,” என்றேன். அந்தச் சொல்லை அந்த அறையில் நான் சொல்வது அதுவே முதல் முறை.

“முந்நூறு! நாப்பது!”

“கீழே. கீழே.”

“இருபது,” என்றார் தலைவர் வறண்ட குரலில்.

“மன்னிக்கணும் டாக்டர். கீழே.”

“ஒரு பேசோ?”

“கீழே.”

அதற்குக் கீழே எண்கள் இல்லை. நான் விளக்கம் தந்தேன்.

“குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல, நடைபாதையில இருந்துச்சு. யாருதுன்னு கேக்கலாம்னு கொஞ்ச நேரம் நின்னேன். யாரும் வரல. ஒரு நாய் வந்து மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

எழுந்த பெருமூச்சைப் போன்ற ஒன்றை அந்த அறை அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். என்னை நோக்கி, என்னை நோக்கியே, மார்பில் கைவைத்து அந்தச் சொற்களை மொழிந்தார்கள். என் காதுகள் சூடேறின. சரியாகக் கேட்காதவன்போல் நான் தலையைச் சாய்த்ததால் இருவர் மறுமுறையும் சொல்ல நேர்ந்தது. அவர்களுக்கு என் நன்றி.

தலைவர் பதவி கருதிக் கடைசியாகப் பேசுவார். அவர் எழுந்தார்.

“எனக்குப் பொறாமை,” என்றார். “ஆ... ஆரோ...”

“டாக்டர்,” என்றார் சுல்மா, “வாயத் திறங்க.”

விளக்கு எரிந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. பல்லுன்னு ஒண்ணும் மிச்சமே இல்ல.”

“அது என் மூடியோட கிண்ணம்!” என்று வெடித்தார் தலைவர், வாய் இன்னும் திறந்தபடியே.

“மன்னிக்கணும். அது என் கிண்ணத்தோட மூடி.”

கழகம் இரண்டாகப் பிரிந்தது. கிண்ணத்துக்கு மூடியா, மூடிக்குக் கிண்ணமா என்று வாக்குவாதம் வலுத்தது. அந்த இரைச்சலில் உறங்கும் டாக்டர் விழித்துக்கொண்டார். அவர் பேசியது அந்த ஒருமுறைதான்.

“ரெண்டயும் சேத்தா என்ன ஆகும்? சக்கரக் கிண்ணம். பெரிய தெருவுல எந்தக் கடைக்குப் போனாலும் கெடைக்கும். அதப் பாத்து எவனுக்குப் பொறாம வரும்? சேக்காம வச்சா ரெண்டு கண்டெடுப்பு. ரெண்டு பொறாம. நம்ம கழகத்தோட சொத்து சாமான் இல்லீங்க, பொறாமதான். இருக்கற சொத்த யாராவது பாதியாக் கொறச்சுப்பாங்களா?”

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் உறங்கினார். அறை எழுந்து நின்று கைதட்டியது.

ஆண்டின் கண்டெடுப்பு இரண்டுக்கும் பொதுவாக அறிவிக்கப்பட்டது. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் மூடியை மேல்தட்டிலும் கிண்ணத்தைக் கீழ்த்தட்டிலும் வைத்தார்கள். இரண்டு பூட்டுகள், ஒரு சாவி தலைவரிடம், மற்றொன்று என்னிடம். நான் விரும்பினால் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்றும் கூறினார்கள். ஆனால் அப்போது அனைவரும் என்னைப் பார்த்து மார்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்நிலையில் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவது மரியாதையாகத் தோன்றவில்லை.

“கிண்ணம் எங்க?” என்று கேட்டாள் நெல்சா.

“கழகத்துல.”

“மூடி?”

“அதுவும் அங்கதான்.”

“ஒண்ணா இருக்கா?”

“ஒரே அலமாரி. வேற வேற தட்டு.”

“என் தங்கச்சியும் அவ புருஷனும் மாதிரி,” என்றாள் நெல்சா. காலியான ஜாம் புட்டி ஒன்றைக் கழுவித் துடைத்து, சர்க்கரையை அதில் கொட்டி, மூடியைத் திருகினாள். “இப்ப வரட்டும் எறும்பு. வந்து தொறந்து பாக்கட்டும்.”

அந்தப் புட்டி எனக்குப் பிடிக்கவில்லை. அதன் மூடி அதற்குச் சரியாக இருந்தது.

மாதம் ஒருமுறை சாவிக்காரர்கள் இருவரும் சேர்ந்து அலமாரியைத் தூசி தட்ட வேண்டுமென விதி இயற்றியிருந்தார்கள். ஜனவரியில், எங்கள் ஊர்க் கோடையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெக்கையில் ஊர் முழுவதும் கடற்கரைக்குப் போயிருந்தபோது, நானும் டாக்டர் ஃபொசால்பாவும் கழக அறையில் தனியாக இருந்தோம். அவர் மூடியைத் துடைத்தார். நான் கிண்ணத்தைத் துடைத்தேன். இரண்டும் முன்பே சுத்தமாக இருந்தன.

“வச்சுப் பாப்பமா?” என்றார், கதவைப் பார்த்தபடி.

“சேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, டாக்டர்.”

“அந்த விதிய எழுதினவனே நான்தான். தொடைக்கறப்பக் கை தவறிப் பட்டுச்சுன்னு இருக்கட்டும்.”

நான் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை அதன் வாயில் வைத்தார்.

‘டிங்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டது. மூடி கிண்ணத்துக்குள் விழுந்து, அடியில் சிறு தொப்பிபோல் கிடந்தது.

இருவரும் குனிந்து பார்த்தோம். கிண்ணத்துப் பூக்களுக்கு ஆறு இதழ்கள். மூடிப் பூக்களுக்கு ஐந்து. அத்தனை வாரங்கள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தும், எண்ணிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

டாக்டர் ஃபொசால்பா இரண்டு விரல்களை உள்ளே விட்டு மூடியை வெளியே எடுத்து, மேல்தட்டில் வைத்தார். நான் கிண்ணத்தைக் கீழ்த்தட்டில் வைத்தேன். இரண்டு பூட்டுகளும் பூட்டப்பட்டன.

“டேய் பெந்தன்கோர்,” என்றார். அவர் என்னை அப்படி அழைத்ததே இல்லை. “நீ ஒண்ணும் பாக்கல.”

“நீங்க வச்சதையே நான் பாக்கல, டாக்டர்.”

“இனிமே எனக்கு என்ன ‘நீங்க’? நீன்னே சொல்லு.” அவர் வெந்நீர்க் குடுவையைச் சாய்த்து, மாத்தேக் குவளையை என்னிடம் நீட்டினார். “கசக்குதா?”

“கசக்குது.”

“குடி.”

அடுத்த வியாழனன்று ஹேபெர் என்னும் புதிய உறுப்பினர் சேர்ந்தார். பேருந்து ஓட்டுநர். முதல் காரியமாக அலமாரியின் முன் சென்று நின்றார். நான் அருகில் இருந்தேன்.

“இதுதானா சார் அது? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அப்படியே பொருந்துமாமே?”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க.”

“அடடா! கேள்விப்பட்டதுலேர்ந்து இதத்தான் நெனச்சுக்கிட்டு வண்டி ஓட்டறேன். நேத்து ஒரு நிறுத்தத்துல நிறுத்தவே மறந்துட்டேன், பாட்டி ஒண்ணு குடையால தட்டுச்சு. வைக்காமலே இப்படி இருக்கே, வச்சா எப்படி இருக்கும்!” அவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அவர் மூச்சுப் பட்டு, கிண்ணமும் மூடியும் ஒரு கணம் மங்கலாகி ஒரே பொருள்போல் தெரிந்தன. பின் திரும்பி, என்னைப் பார்த்து, வலக்கையை மார்பில் வைத்தார். “எனக்குப் பொறாமை, சார். ஆரோக்கியமான பொறாமை.”

அவர் முகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அன்று இரவும் அவை பொருந்துவதை எண்ணியபடியே அவர் வீடு திரும்புவார். மறுநாளும் அதை எண்ணியபடியே வண்டி ஓட்டுவார்.

எனக்கும் அவர்மேல் பொறாமையாக இருந்தது. மரியாதைக்காக அந்த இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அது வரவில்லை. வாயை மூடிக்கொண்டபோது, என் கடைவாய்ப் பற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தின.